ஆஸ்பத்திரி பில் கார்டில் போய்விட்டது, வீட்டுக் கட்டில் செலவுக்கு என்ன வழி?

எருத்தேம்பதிக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். கோவையை ஒட்டிய எல்லையில், கேரளப் பக்கம் எருத்தேம்பதியில் இருக்கிறோம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு 78 வயது. சித்திரையில் ஒரு நாள் விடியற்காலை பல் துலக்கப் போனவர் தண்ணீர்த்தொட்டி ஓரமாகவே சரிந்து உட்கார்ந்துவிட்டார். வலது பக்கம் இழுத்துவிட்டது, பேச்சும் குழறல். பதறிப்போய் முதலில் வேலந்தாவளம் வழியாகக் கோவைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே எங்கள் கேரளா மருத்துவக் காப்பீட்டு கார்டு செல்லாது என்றார்கள். அந்த ஒரு ராத்திரிக்கு 48,000 கட்டிவிட்டு மறுநாள் இந்தப் பக்கம் திரும்பி, கார்டு எடுக்கும் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பன்னிரண்டு நாள். அந்தச் செலவு பெரும்பாலும் கார்டில் போய்விட்டது, அதில் குறை இல்லை.

வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் கையை விட்டுப் போனதுதான் மலைப்பாக இருக்கிறது. அம்மா பழைய பால் கணக்கு நோட்டில் எழுதி வைக்கிறார். ஆடி மாதப் பக்கத்தை அப்படியே தருகிறேன். ஹோம் நர்ஸ் 21,000. பிசியோ பன்னிரண்டு தடவை 4,800. டயப்பர் 3,900. மருந்து மாத்திரை 3,150. கட்டில் வாடகை 1,500. புரோட்டீன் மாவு 1,450. மூத்திரக் குழாய் மாற்ற ஆள் வந்தது இரண்டு தடவை 1,200. கூட்டினால் 37,000.

என் சம்பளம் 34,000, கோவையில் பம்ப்செட் கம்பெனியில் சூப்பர்வைசர். அறுபது தென்னையைக் கள்ளுக்கு விட்டிருக்கிறோம், அந்த வாடகை அம்மா கைக்கு வரும், வீட்டுச் செலவு அதில்தான். அம்மாவுக்கு 71. திருப்பூரில் இருக்கும் அண்ணன், ரோட்டோரம் கிடக்கும் 40 சென்ட்டை விற்றுவிடலாம் என்கிறார். அப்பா தலையாட்டுகிறார், புரிந்து ஆட்டுகிறாரா என்று தெரியவில்லை.

இந்த வயதில் அவருக்கு இன்சூரன்ஸ் ஏதாவது கிடைக்குமா? அரசாங்கத்தில் வழி உண்டா? இல்லை, நிலத்தை விற்பதுதான் முடிவா?

மீனாட்சிபுரத்தான்

அந்த ஒரு ராத்திரிக் கதை எங்கள் வீட்டிலும் உண்டு தம்பி. எங்களுடையது 62,000. பஸ்ஸுக்கு எல்லை கிடையாது, ஆம்புலன்ஸுக்கும் கிடையாது, கார்டுக்கு மட்டும் உண்டு.

கிளெய்ம் மேசை

பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கிளெய்ம் பார்க்கும் அலுவலகத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

முதலில் அடிப்படை ஒன்று. நம் ஊரில் இருக்கும் எல்லாத் திட்டமும், மத்திய அரசுடையதோ கேரளாவின் காருண்யா காப்பீட்டுத் திட்டமான காஸ்போ தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடோ தனியார் பாலிசியோ, ஆஸ்பத்திரியில் படுத்தால் கொடுக்கிற பணம். வீட்டில் படுத்திருப்பவரைப் பார்த்துக்கொள்ள ஆகும் செலவு அதில் எதற்குள்ளும் வராது. மத்தியத் திட்டத்தில் டிஸ்சார்ஜுக்குப் பிறகு 15 நாள் மருந்து வரைக்கும் கணக்கு உண்டு, அதோடு சரி. தனியார் பாலிசியில் 60 நாள், 90 நாள் என்று இருக்கும். அந்த நாட்களுக்குள் டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, டெஸ்ட் பில்லெல்லாம் கேட்கலாம். பாதிப் பேர் டிஸ்சார்ஜ் அன்றே ஃபைலை மூடிவிட்டு அந்தப் பணத்தை விட்டுவிடுகிறார்கள். ஆனால் டயப்பரும் தனி நர்ஸ் சம்பளமும் கம்பெனிகள் தராத சாமான் பட்டியலில் வழக்கமாகவே இருக்கும். கேட்டுப் பிரயோஜனமில்லை.

78 வயதில் புது பாலிசி? விதியில் இருந்த 65 வயது வரம்பு 2024 ஏப்ரலில் போய்விட்டது. அதனால் கொடுத்தே ஆகவேண்டும் என்று அர்த்தமில்லை. பக்கவாதம் வந்த ஆளுக்குப் பெரும்பாலும் மாட்டேன் என்பார்கள். கொடுத்தாலும் ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மெடிக்கல் பாலிசிக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்று ஏஜென்ட் ஆசை காட்டுவார். இல்லைதான். அதற்காக அப்பாவுக்கு வாங்காதீர்கள். அந்தப் பிரீமியத்தை டயப்பருக்கு வையுங்கள்.

எழுபது தாண்டியவர்களுக்கு வருமானம் பார்க்காமல் வருடம் 5 லட்சம் என்று மத்திய அரசின் வய வந்தனா கார்டு 2024 அக்டோபரில் வந்தது. அம்மாவுக்கும் 71 என்கிறீர்களே, இரண்டு பேருக்கும் ஆதாரை வைத்துப் பதிவு செய்துவிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியில் ஓடும் என்பதை மட்டும் இப்போதே, நன்றாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். 14555க்குப் போன் போடலாம். காஸ்பில் மத்தியப் பட்டியலில் உள்ள குடும்பங்களும் உண்டு, மாநிலம் தன் காசில் சேர்த்த குடும்பங்களும் உண்டு. வெளிமாநிலத்தில் செல்லும் வசதி மத்தியத் திட்டத்தோடு வந்தது. உங்களுடையது எந்த வகை என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை ராத்திரி இரண்டு மணிக்குக் கவுன்டரில் நின்று கெஞ்ச வேண்டாம்.

வண்ணாமடை அக்கா

தம்பி, நோட்டுக் கணக்கைப் பார்த்ததும் ஒன்று கேட்கத் தோன்றியது. குழாய் மாற்ற 1,200 கொடுத்தீர்களே, வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டரைக் கூப்பிடவே இல்லையா?

எருத்தேம்பதிக்காரன்

அக்கா, அது கேன்சர்காரர்களுக்குக் கடைசி நேரத்தில் வருகிறது இல்லையா? அப்பாவுக்கு அப்படியொன்றும் இல்லையே.

வண்ணாமடை அக்கா

எல்லோரும் இப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் இத்தனை காசு வீணாகிறது.

கோழிக்கோட்டில் 1993இல் சில டாக்டர்கள் ஆரம்பிக்கும்போது கேன்சர் வலிக்குத்தான் ஆரம்பித்தார்கள். 2008இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே கொண்டுவந்தது. இப்போது ஒவ்வொரு பஞ்சாயத்திலும் ஒரு பாலியேட்டிவ் சிஸ்டர் உண்டு. படுக்கையில் கிடப்பவர் யாராக இருந்தாலும், பக்கவாதம், முதுகெலும்பு அடி, வயதானதால் எழ முடியாதவர், எல்லோருக்கும்தான். வண்டியில் வீட்டுக்கே வருவார்கள். மூத்திரக் குழாய், மூக்குக் குழாய் மாற்றுவார்கள், புண்ணுக்கு மருந்து வைப்பார்கள், வீட்டு ஆட்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். காசு வாங்கமாட்டார்கள். தாலூக்கா ஆஸ்பத்திரி அளவில் இன்னொரு குழுவும் உண்டு, அதில் பிசியோவும் கேட்கலாம்.

என் மாமியார் நாலரை வருடம் படுக்கையில் இருந்தார். சிஸ்டர் முதல் நாள் வந்தவுடன் என்ன செய்தார் தெரியுமா? பையன் நோட்டில் இருந்து ஒரு தாள் கிழித்து, வட்டம் போட்டு, இடது பக்கம், மல்லாக்க, வலது பக்கம் என்று இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக எழுதிக் கட்டிலுக்கு மேலே ஒட்டினார். "இதைப் பார்த்துத் திருப்பிப் போடுங்கள், படுக்கைப் புண்ணுக்கு மருந்து வாங்கும் காசு மிச்சம்" என்றார். அதுவரை தோள்பட்டைக்குக் கீழே ஒரு ரூபாய் அகலத்துக்குத் தோல் சிவந்து கிடந்தது. பத்து நாளில் போய்விட்டது. பகலில் டயப்பர் வேண்டாம், ரப்பர் ஷீட் போட்டு மேலே பழைய பருத்தி வேட்டியை நான்காக மடித்துப் போடுங்கள், ராத்திரிக்கு மட்டும் டயப்பர் என்றதும் அவர்தான். எங்களுக்கு டயப்பர் செலவு பாதிக்கு மேல் குறைந்தது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: உங்கள் வார்டு சுகாதாரப் பணியாளரான ஆஷாவிடமோ பஞ்சாயத்து மெம்பரிடமோ சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி நகலோடு எஃப்.எச்.சி. என்கிற குடும்ப சுகாதார மையத்தில் பேர் பதியுங்கள். மாதம் ஒரு தடவையாவது வருவார்கள், அவசரமென்றால் இடையிலும். ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பமாட்டார்கள், அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆஷ்வாசகிரணம் என்று ஒன்றும் உண்டு. படுக்கையில் இருப்பவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு ஆளுக்கு மாதம் 600 ரூபாய். வருமான வரம்பு ரொம்பக் குறைவு, உங்களுக்குக் கிடைப்பது சந்தேகம். கேட்டு வையுங்கள்.

மீனாட்சிபுரத்தான்

அறுநூறு ரூபாய். பால் வாங்கலாம்.

வண்ணாமடை அக்கா

வாங்கலாம் அண்ணா. ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்வதும் ஒரு வேலைதான் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதி ஒத்துக்கொண்டது அந்த அறுநூறில்தான்.

கோபாலபுரம் செல்வி

எல்லாப் பெருமையும் கேரளாவுக்கே போகவேண்டாம். நான் செக்போஸ்டுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டுக்காரி. இங்கேயும் 2021 ஆகஸ்டில் இருந்து மக்களைத் தேடி மருத்துவம் என்று பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. என் பெரியப்பாவுக்கு பிசியோ தம்பியும் வருகிறார், மாதத்துக்கு இரண்டு தடவைதான், ஆனால் ஒவ்வொரு அசைவும் என் அக்காவைச் செய்யவைத்துப் பார்த்துவிட்டுத்தான் போவார். கட்டணம் இல்லை. தமிழ்நாட்டு ரேஷன் கார்டு இருக்கும் சொந்தக்காரர்கள் இந்தப் பக்கம் இருந்தால் பேர் பதியச் சொல்லுங்கள்.

எருத்தேம்பதி அண்ணா, அப்பாவைக் கோவை வாடகை வீட்டுக்குக் கூட்டிப்போகும் யோசனை இருந்தால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். இங்கே வந்தால் உங்கள் பஞ்சாயத்து சிஸ்டர் வரமாட்டார், முதலமைச்சர் காப்பீட்டுக்கு இந்த ஊர் ரேஷன் கார்டும் வருடம் 1,20,000க்குள் என்ற வருமானச் சான்றும் கேட்பார்கள். இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பீர்கள்.

ராஜபாட்டை

யாரும் கேட்காததை நான் கேட்கிறேன். 37,000 செலவு செய்வதற்கு நல்ல முதியோர் இல்லத்தில் சேர்த்தால் என்ன? வீட்டில் மற்றவர்களும் வாழவேண்டும் அல்லவா?

கிளெய்ம் மேசை

பெரும்பாலான இல்லங்களில் எழுந்து நடக்கிறவரைத்தான் சேர்ப்பார்கள். குழாய் போட்டவரை எடுக்கும் இடங்கள் கோவையில் இருக்கின்றன, நான் விசாரித்தவரை 37,000ஐவிடக் குறைவில்லை. முன்பணம் வேறு.

கொழிஞ்சாம்பாறை மருமகள்

ராஜபாட்டை அண்ணா கேட்டதில் எனக்குக் கோபமில்லை. அடுத்தவர்களின் பதில்களில்தான் ஒன்று இடிக்கிறது. எல்லோரும் 37,000த்தைக் குறைக்க வழி சொல்கிறீர்கள். டயப்பருக்குப் பதில் வேட்டித்துணி, சரி. அந்தத் துணியைத் துவைப்பது யார்? இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுபது கிலோ ஆளைத் திருப்பிப் போடுவது யார்? 71 வயது அம்மா. நோட்டில் கணக்கு எழுதுவதும் அவரேதான், அவர் பேர் மட்டும் அந்தக் கணக்கில் இல்லை.

என் மாமனாருக்கு நான் மூன்று வருடம் செய்தேன். தையல் கடையை மூடினேன். மாதம் எட்டு, ஒன்பதாயிரம் வந்துகொண்டிருந்த கடை. செலவே ஆகவில்லை என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். இப்போது என் முதுகுக்கு பிசியோ போகிறேன், அந்தக் காசைத் தனியாகக் கணக்குப் பார்க்கிறார்கள்.

ஹோம் நர்ஸை நிறுத்திவிடலாம் என்று மட்டும் முடிவு செய்யாதீர்கள் அண்ணா. மற்ற எதை வேண்டுமானாலும் குறையுங்கள்.

ராஜபாட்டை

ஒத்துக்கொள்கிறேன் அம்மா.

எருத்தேம்பதிக்காரன்

நேற்று இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, "அந்தப் பொண்ணு யாரு?" என்று மட்டும் கேட்டார்.

ஹோம் நர்ஸ் விஷயத்தில் எங்களுக்கும் அடிபட்டது. முதலில் அனுப்பிய ஏஜென்சி பதிவுக் கட்டணம் என்று 5,000 வாங்கிக்கொண்டது. வந்த ஆள் ஆறாவது நாள் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. மாற்று ஆள் கேட்டால் மறுபடியும் கட்டணம் என்றார்கள். இப்போது இருப்பவர் நல்லேப்பிள்ளிக்காரர், ஏஜென்சி இல்லாமல் நேராக வந்தவர். காலையில் வந்து இரவு போகிறார்.

ஆதார எழுத்து

நிலத்தைப் பற்றி யாரும் பேசாததால் நான் வருகிறேன். முப்பது வருடமாக ஆதாரம், அதாவது பத்திரம், எழுதுகிறேன், அவசரத்தில் விற்ற நிலம் நல்ல விலைக்குப் போய்ப் பார்த்ததில்லை.

முதலில் வில்லேஜ் ஆபீஸ் கரம் ரசீதை, அதாவது நிலவரி ரசீதை, எடுத்துப் பாருங்கள். புரயிடம் என்று இருக்கிறதா, நிலம் என்று இருக்கிறதா? புரயிடம் என்றால் வீடு கட்டக்கூடிய மேட்டு இடம், நிலம் என்றால் வயல். 2008இன் நெல்வயல் சட்டம் அதில் எளிதில் வீடு கட்டவிடாது, வாங்க வருபவன் அதைச் சொல்லியே விலையை அடிப்பான். அதை மாற்ற மனுக் கொடுத்து அலைய வேண்டும், நாள் பிடிக்கும். அதனால் விற்கிறீர்களோ இல்லையோ, காகிதத்தை இப்போதே சரிபார்த்து வையுங்கள்.

விற்றே ஆகவேண்டும் என்றால் பணத்தை அண்ணன் தம்பி பங்கு போடாதீர்கள். அப்பா அம்மா பேரில் கூட்டாகப் போஸ்ட் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்பில் போடுங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம், இப்போது வட்டி 8.2. இருபது லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 41,000 வரும். ஹோம் நர்ஸ் சம்பளத்தில் முக்கால் பங்கு அதிலேயே அடங்காவிட்டாலும் பாதிக்கு மேல் அடங்கும். முதல் அப்படியே நிற்கும், ஒருவர் போனாலும் மற்றவர் தொடரலாம்.

இன்னொன்று. இப்படிப்பட்ட சமயத்தில் வீட்டை எழுதிக்கொடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று ஒரு பிள்ளை வருவது வழக்கம். உங்கள் வீட்டைச் சொல்லவில்லை. எழுதுவதாக இருந்தால் பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மருத்துவச் செலவு செய்ய வேண்டும் என்ற நிபந்தனையை ஆதாரத்திலேயே எழுதுங்கள். ஆயுள் வரை அனுபவிக்கும் உரிமையையும் அவர்களுக்கே நிறுத்திக்கொள்ளுங்கள். 2007இன் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு இருக்கிறது, நிபந்தனையை மீறினால் ஆதாரத்தை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத்து அம்மா ஒருவர் மகனுக்கு எழுதிய தானத்தை உச்ச நீதிமன்றம் அப்படி ரத்து செய்தது. ஆனால் அந்த அம்மாவுக்கு நிபந்தனை எழுத்தில் இருந்தது. வாய்ச் சொல்லை நம்பி எழுதிக்கொடுத்தவர்கள் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருப்பதை நான் வாரா வாரம் பார்க்கிறேன்.

அங்கே போகிறவர்கள் தமிழிலேயே மனுக் கொடுக்கலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிக்கு கேரளாவின் 1969 ஆட்சிமொழிச் சட்டத்திலேயே அது உண்டு. கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை, கேளுங்கள்.

மீனாட்சிபுரத்தான்

எழுத்தர் ஐயா இதைப் பத்து வருடம் முன்னால் எனக்குச் சொல்லியிருக்கலாம்.

எருத்தேம்பதிக்காரன்

ஐப்பசி ஆகிவிட்டது, இடையில் எழுத முடியவில்லை, மன்னிக்கவும்.

பாலியேட்டிவ் சிஸ்டர் மூன்று தடவை வந்துவிட்டார். குழாய் அவரே மாற்றுகிறார். பிசியோவை மாதம் நான்காகக் குறைத்தோம், நடுவில் நானும் ஹோம் நர்ஸும் செய்கிறோம். கட்டில் வாடகை போய்விட்டது, பஞ்சாயத்திலேயே ஒரு கட்டில் சும்மா கிடந்தது, கொடுத்தார்கள். கோவைப் பில்லையும் கிளெய்ம் மேசை சார் சொன்னபடி மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதில் எதுவும் திரும்பி வராது, அது போனது போனதுதான். புரட்டாசி நோட்டுப் பக்கம் 29,400. ஹோம் நர்ஸுக்கு ஆயிரம் கூட்டிக் கொடுத்தும் இதுதான். அம்மா ஞாயிறு மட்டும் சித்தி வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருகிறார். அன்றைக்கு நான்.

29,400 என்றாலும் எனக்கு அது தாங்காது, அதைச் சொல்லியாக வேண்டும். கரம் ரசீதைப் பார்த்தோம், 40 சென்ட்டில் 15 புரயிடம், 25 நிலம். புரயிடத்தை மட்டும் தை கழித்து விற்று அப்பா அம்மா பேரில் போடலாம் என்று அண்ணன் ஒத்துக்கொண்டார். முதலில் முறைத்தார். அம்மா பால் நோட்டை அவர் மடியில் வைத்ததும் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இந்த மாதத்தில் இருந்து 6,000 அனுப்புகிறார்.

இப்போது ஒரு சின்னச் சந்தேகம். காற்றுப் படுக்கை வாங்கினோம், அதன் மோட்டார் ராத்திரி முழுக்க டர்ரென்று கட்டிலையே நடுங்க வைக்கிறது. அப்பா தூங்கமாட்டேன் என்கிறார். மோட்டாரை நிறுத்தினால் படுக்கை இறங்கிவிடுகிறது. என்ன செய்வது?

வண்ணாமடை அக்கா

கட்டில் கம்பியில் கொக்கி போட்டு மாட்டியிருப்பீர்கள். அதைக் கழற்றிக் கீழே தரையில், நான்காக மடித்த சாக்கின் மேல் வையுங்கள். குழாய் மடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எருத்தேம்பதிக்காரன்

வைத்துவிட்டேன் அக்கா. தூங்குகிறார்.